சிறு திருத்தம்

இது நடந்தது. இரவில் இல்லை. ஆடி மாதத்து மத்தியானத்தில், கண் கூசும் வெயிலில், ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஒரு மாடியறையில். கேட்டவர்கள் முதலில், "ராத்திரி தூக்கக் கலக்கமா இருக்கும்" என்பார்கள். ராத்திரியே இல்லை என்று தெரிந்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஜெயபாய் யாரையும் நம்பவைக்கப் பாடுபட்டதில்லை. அன்று அவளுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

வருடம் 1998. ஜெயபாய்க்கு இருபத்துமூன்று வயது. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். வேலை ராஜரத்தினம் அண்ணாச்சியின் பட்டறையில். கீழே பேண்டேஜ் துணி அடுக்கி வைக்கும் கிட்டங்கி, மேலே ஒரே நீள அறை. மில் இயந்திரங்களின் முகத்தில் பொருத்தும் சின்னத் திரைப் பேனல்களை அங்கே செய்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் திரை. அதில் இயந்திரத்தின் படம், அதன் வேகம், ஓடுகிறதா நின்றதா என்று ஒரு செய்தி. அவ்வளவுதான்.

திரையில் கோடும் வட்டமும் எழுத்தும் வரைவதற்கு ஆயத்தமாக எழுதிய நிரல்கள் வேண்டும். அதை விலைக்கு வாங்க அண்ணாச்சிக்கு மனமில்லை. வெளிநாட்டில் சிலர் சேர்ந்து எழுதி இண்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்து போட்டிருந்த ஒரு லைப்ரரியை ஜெயபாய் தேடிப் பிடித்தாள். யாரும் எடுக்கலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். திருத்தலாம். திருத்தியதை அனுப்பினால், நன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அது பெரிய கம்ப்யூட்டருக்காக எழுதியது. இத்தனை சிறிய திரையை அதற்குத் தெரியாது.

ஜெயபாய் தெரியவைத்தாள். மாதக்கணக்கில் உட்கார்ந்து, பேனலுக்குள் இருக்கும் சின்னச் சிப்பில் அடங்குகிற மாதிரி ஒரு பகுதியைத் தனியாக எழுதினாள். தமிழ் எழுத்துகளைக் கிராப் தாளில் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தாள். பல் வைத்த ஓர் உருளை, அதன் பக்கத்தில் ஸ்டாப் பட்டன், கீழே ஒரு வரிச் செய்தி. இந்த இயந்திரப் படத்தையும் கூடவே வைத்து அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பகுதியின் தலையில் அவள் பெயர். சந்தேகம் இருந்தால் இவருக்கு எழுதவும் என்று அவள் மின்னஞ்சல் முகவரி.

"ஓசியில எடுத்து ஓசியிலயே திருப்பிக் குடுக்கியா? இது எந்த ஊரு ஏவாரம்ட்டி?" என்று அண்ணாச்சி சிரித்தார். ஆனாலும் மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு தினம் ஒரு தடவை இண்டர்நெட் பிடித்துக்கொள்ள அனுமதித்தார். கடிதங்கள் வந்தன. போலந்திலிருந்து ஒருவர், பிரேசிலிலிருந்து ஒருவர். கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் இலையில் உட்காரக் கூசுகிற பெண், உலகத்துக்கெல்லாம் பதில் எழுதினாள். மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டாள். அந்த மூன்று வரியில் அவளுக்கு ஒரு சின்னக் கர்வம் இருந்தது.

தப்பு அதற்குள்ளேதான் இருந்தது.

மில்லில் பஞ்சை அடித்துப் பிரிக்கிற உருளை கனமானது. மின்சாரத்தை நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் தன் வேகத்தில் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். முன்பெல்லாம் தொழிலாளர்கள் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்கள். இப்போது திரையைப் பார்த்தார்கள். ஜெயபாயின் படமோ, உருளை நின்ற பிறகு "நின்றது" என்று காட்டவில்லை. ஸ்டாப் பட்டனை அழுத்திய உடனேயே காட்டியது. அண்ணாச்சி, "பட்டன அமுக்குனா பட்டுன்னு படம் மாறணும். மாறலன்னா மொதலாளிமாரு மட்டமான சாமான்னு சொல்லுவாக" என்று சொல்லியிருந்தார். அவளும் அப்படியே எழுதிவிட்டாள். அது பொய்யாகும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பங்குனியில் தவசிமுத்து பட்டறைக்கு வந்தார். முடங்கியாறு ரோட்டுப் பக்கம் ஒரு மில்லில் எலக்ட்ரீசியன். ஐம்பது வயது. பேனலை இயந்திரத்தில் பொருத்தி, வேகத்தை அளக்கும் சென்சாருக்கு ஒயர் இழுத்தவர் அவர்தான். அன்று அண்ணாச்சிக்கு எதிரே பேனல் வாங்க வந்த வேறொரு மில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

"தாயி, பட்டன அமுக்குன ஒடனே நின்னுட்டுன்னு காட்டுது. ஆனா உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றார் தவசிமுத்து.

"ஏலே தவசி, உள்ள ஓடுறது மிசினா, ஒன் வயித்துல காலையில போட்ட பரோட்டாவா?" என்றார் அண்ணாச்சி. மேனேஜர் சிரித்தார்.

ஜெயபாய் தலையைத் தூக்கவில்லை. தவசிமுத்து பாதி சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்த இடம், எந்த வரி என்பதுகூடத் தெரிந்துவிட்டது. காது மடல் சூடாகியது. 'தப்பு என்னோடது' என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். அண்ணாச்சி கேட்பார். மேனேஜர் கேட்பார்.

"சென்சார் ஒயரிங்க ஒரு தடவ பாருங்கண்ணே" என்றாள்.

"ஒயரிங் நாந்தான் தாயி பண்ணுனேன்."

"எதுக்கும் இன்னொரு தடவ பாத்துருங்க."

தவசிமுத்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "சரி. பாக்கேன்" என்று இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே ஜெயபாய் அதைச் சரிசெய்தாள். இரண்டு வரிதான். சென்சார் 'வேகம் இல்லை' என்று சொன்ன பிறகே "நின்றது" என்று காட்டும்படி மாற்றினாள். லைப்ரரிக்கு அனுப்பினாள். மாற்றம் எது அனுப்பினாலும், என்ன மாற்றம் என்று ஒரு வரி எழுத வேண்டும். உலகத்தில் அதை எடுத்து வைத்திருப்பவர்கள் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் புதியதை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். 'பழையது ஆபத்தானது, உடனே மாற்றவும்' என்று முதலில் எழுதினாள். அதற்குக் கீழே தன் பெயர் வரும் என்பதைப் பார்த்தாள். அழித்தாள்.

'சிறு திருத்தம்' என்று எழுதி அனுப்பினாள்.

ஏற்கனவே மில்களுக்குப் போன பேனல்களில் சிப்பை மாற்ற வேண்டும். அதற்கு அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும். "ஒரு சின்ன மாத்தம் இருக்கு அண்ணாச்சி, சிப்ப மாத்தணும்" என்றாள்.

"சின்னதுதான? கெடக்கட்டும். அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கிடலாம்."

கிடந்தது. சித்திரை போயிற்று. வைகாசி, ஆனி போயிற்று.

ஆடிப்பூரம் அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். முந்தின நாளே ஊர் நிரம்பிவிட்டது. ஜெயபாய் காலையில் அம்மாவோடு சர்ச்சுக்குப் போனாள். திருவிருந்துக்கு முன்னால் குருவானவர், "ஒருவன்மேல் குறை வைத்துக்கொண்டு இந்தப் பந்திக்கு வராதீர்கள்" என்று வாசித்தார். மாதாமாதம் வாசிக்கிறதுதான். ஜெயபாய் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

"ஏன்ட்டி எந்திரிச்சு வந்துட்ட?" என்றாள் அம்மா, வாசலில்.

"வயித்து வலிம்மா."

வீட்டுக்குப் போனால் தேர் பார்க்க வந்த சொந்தக்காரர்கள். எல்லோரும் இவள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்கள். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே நின்ற பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையம் வந்துவிட்டாள். பட்டறைச் சாவி அவளிடம் ஒன்று உண்டு. கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. படிக்கட்டுக் கம்பிக் கதவை உள்பக்கம் பூட்டிவிட்டு மேலே ஏறினாள்.

மேசையில் சோதனைக்காக ஒரு பேனல் எப்போதும் கிடக்கும். அதோடு ஒரு பொம்மை மோட்டாரும், அதன் முனையில் ஒரு தகர வில்லையும், அது சுற்றுவதை எண்ண ஒரு சென்சாரும். திருத்திய சிப்பைப் பேனலில் போட்டாள். ஓடவிட்டாள். திரையில் உருளை சுற்றியது. ஸ்டாப் பட்டனை அழுத்தினாள். பொம்மை மோட்டார் சட்டென்று நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு "நின்றது" என்று வந்தது.

சரியாக இருக்கிறது.

மறுபடி ஓடவிட்டாள். மறுபடி நிறுத்தினாள். சரி. நாலைந்து தடவை பார்த்தாள். மில்லில் இருக்கிற பேனலைப் பற்றி நினைக்காமல் இருக்க, இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி 2.40. கரண்ட் போயிற்று.

மின்விசிறி கிறீச்சிட்டு நின்றது. தெருவில் ஒரு லாரி போய் ஓய்ந்தது. அதன் பிறகு சத்தம் எதுவும் இல்லை. ஜெயபாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேனலைப் பார்த்தாள்.

திரை எரிந்துகொண்டிருந்தது.

அதற்கு பேட்டரி கிடையாது. சுவரில் இருக்கிற பிளக்கிலிருந்துதான் கரண்ட். பிளக்கைப் பார்த்தாள். கையை நீட்டிப் பிடுங்கினாள். ஒயர் அவள் கையில் தொங்கியது.

திரை எரிந்தது.

உருளை சுற்றிக்கொண்டிருந்தது. பொம்மை மோட்டாரைப் பார்த்தாள். தகர வில்லை அசையவில்லை. விரலை வைத்துப் பார்த்தாள். நின்றுதான் இருந்தது.

வேகம் என்ற இடத்தில் எண் மட்டும் ஓடியது. இந்தப் பொம்மை மோட்டாரால் ஒருநாளும் எட்ட முடியாத எண்.

ஸ்டாப் பட்டனை அழுத்தினாள்.

எண் குறைய ஆரம்பித்தது. மெதுவாக. ரொம்ப மெதுவாக... கனமான ஒன்று தன் பாரத்தில் சுற்றிச் சுற்றிக் குறைவது போல.

அப்போதுதான் பார்த்தாள். திரையில் ஓர் உருளைதான் வரைந்திருந்தாள். எப்போதும் ஒன்றுதான்.

இப்போது இரண்டு இருந்தன.

பக்கத்துப் பக்கத்தில். பல்லோடு பல் சேர்ந்து, ஒன்றுக்கொன்று எதிராக உள்ளே சுற்றின. அவள் வரையவில்லை. அந்தச் சிப்பில் அப்படி ஒரு படம் இல்லை.

அறை குளிர்ந்தது. ஆடி மாதம், ஓட்டுக்கூரை மாடி, மத்தியானம். முழங்கையில் ரோமம் சிலிர்த்தது. மூக்கில் ஒரு வாடை. ஈயம் உருக்கிய வாடை இல்லை. பச்சை இலையைக் கசக்கினது போல, ஈரமாக...

ஊம்ம்ம்...

சத்தம் மேசையிலிருந்து வரவில்லை. அவள் முதுகுப் பக்கமிருந்து வந்தது.

எண் குறைந்தது. சத்தமும் குறைந்தது.

இரண்டு உருளைகளுக்கும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

அடுத்த சுற்றில் நாலு புள்ளி.

அடுத்த சுற்றில்...

தட்.

தட்.

தட்.

நின்றது.

திரையிலும் அதே சொல் வந்தது. அவள் கிராப் தாளில் வரைந்த அதே எழுத்துகளில்.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

கம்பிக் கதவு பூட்டியிருக்கிறது. பூட்டியது அவள். சாவி மேசைமேல், அவள் கைக்கருகில். ஜெயபாய் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"தங்கச்சி..."

ஆண் குரல். சண்டை போடுகிற குரல் இல்லை. வேலை முடித்துக் களைத்துப்போனவன் கேட்கிற குரல்.

"ஒயரிங் சரியாத்தான் இருக்கு."

அவள் கண் திரையிலேயே இருந்தது.

"நல்லாப் பாத்துட்டேன். ஒயரிங் சரியாத்தான் இருக்கு."

தவசிமுத்து என்று நினைத்தாள். வேறு யாரை நினைப்பாள்? அவள் பொய் சொல்லி அனுப்பியது அவர் ஒருவரிடம்தானே. மில்லில் என்னவோ ஆகிவிட்டது. என்ன கேட்கிறார் என்பதும் தெரிந்தது. 'ஆமாண்ணே, ஒயரிங் சரிதான், தப்பு என்னோடது.' அவ்வளவுதான். அறையில் அண்ணாச்சி இல்லை. மேனேஜர் இல்லை. சிரிப்பதற்கு யாரும் இல்லை.

வாயைத் திறந்தாள்.

"எதுக்கும்..." என்றது அவள் வாய். "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துருங்கண்ணே."

அவள் சொல்ல நினைத்தது அது இல்லை. ஆனால் சொன்னது அதுதான்.



பிறகு காலடி. வெறுங்கால். ஈரக்கால் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம். படிக்கட்டில் இறங்கியது... இறங்கியது... கம்பிக் கதவு வரை போனது. கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை.

2.52-க்குக் கரண்ட் வந்தது. பிடுங்கிப் போட்டிருந்த பேனல் இருட்டாகக் கிடந்தது.

ஜெயபாய் அழவில்லை. கைக்குட்டையில் திருத்திய சிப்பைப் பொதிந்துகொண்டாள். கதவைத் திறந்து, ஓடி, ஆட்டோ பிடித்தாள். முடங்கியாறு ரோட்டு மில்லுக்குப் போகச் சொன்னாள். வழியெல்லாம் வாசலில் கூட்டம் நிற்கும், ஆம்புலன்ஸ் நிற்கும் என்று எதிர்பார்த்தாள்.

கூட்டம் இல்லை. கேட்டில் வாட்ச்மேன் மொக்கைச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

"தவசிமுத்து அண்ணன்..." என்றாள்.

"தவசியா? உள்ளதான் கெடக்கான். தேருக்கு லீவு கேட்டான், குடுக்கல. மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுதான். கூப்புடவா?"

தவசிமுத்து வந்தார். உயிரோடு. தலையில் பஞ்சுத் தூசி. "என்ன தாயி, இம்புட்டுத் தூரம்? அதுவும் தேரன்னைக்கு?" என்றார்.

தாயி. அவர் எப்போதும் அவளைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாளும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை.

அப்படியானால் அது யார்?

கைக்குட்டையை அவிழ்த்தாள். "சிப்ப மாத்தணும்ணே. சர்வீஸ்" என்றாள்.

உள்ளே போய் மாற்றினாள். அவரே டார்ச் பிடித்தார். மாற்றிய பிறகு ஓடவிட்டு, நிறுத்தி, இருவரும் நின்று கேட்டார்கள். உள்ளே உருளை ஓய்ந்த பிறகுதான் "நின்றது" என்று வந்தது. தவசிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"இப்ப சரியா இருக்கு பாருங்க. நான் ஒயரிங்க மூணு தடவ பிரிச்சு மாத்திட்டேன் தாயி. நாந்தான் எங்கயோ கோட்ட விட்டுட்டேன்னு நெனச்சேன். சூப்பர்வைசர் வேற, ஒனக்குக் கண்ணு போச்சு, வேலய விட்டுட்டு வீட்டுல கெடன்னு ஏசுனான். போட்டும். அண்ணாச்சிட்ட சொல்லுங்க, தவசி ரொம்ப சந்தோசப்பட்டான்னு."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள், "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவர் கேட் வரைக்கும் கூடவே வந்து, கடையில் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். அவள் அதையும் குடித்தாள்.

ஆவணியில் ஒரு கடிதம் வந்தது. மின்னஞ்சல்தான். இலங்கையில், நுவரெலியா பக்கம் மலைமேல் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. எழுதியவர் அங்கே உதவி இன்ஜினியர். அவள் எழுதிய பகுதியை லைப்ரரியிலிருந்து எடுத்து, இலை நறுக்குகிற இயந்திரத்துக்குத் தானே ஒரு பேனல் செய்து பொருத்தியிருந்தார். அந்த இயந்திரத்தில் இரண்டு உருளைகள், ஒன்றோடொன்று பல் சேர்ந்து சுற்றும். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவில் இலைத் தண்டு சிக்கியது. எலக்ட்ரீசியன் மாரிசாமி ஸ்டாப் பட்டனை அழுத்தினார். திரையைப் பார்த்தார். நின்றது என்றிருந்தது. மூடியைத் திறந்து குனிந்து கையை விட்டார். கையோடு உடம்பும் போயிற்று.

விசாரணை நடந்தது. ஒயரிங் கோளாறு என்று எழுதிவிட்டார்கள். ஒயர் இழுத்தது மாரிசாமி. ஆகவே செத்தவன்மேலேயே பழி. அவர் மனைவி பரிபூரணத்தை, தோட்டத்தார் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவள் தினமும் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, 'எங்க வூட்டுக்காரர் ஒயரிங்ல தப்பு பண்ணமாட்டார்' என்று மட்டும் சொல்கிறாளாம். பங்குனியில் நீங்கள் ஒரு திருத்தம் போட்டதைப் பார்த்தேன், 'சிறு திருத்தம்' என்று இருந்ததால் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தார் அந்த இன்ஜினியர். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. கோளாறு ஒயரிங்கில்தானா?

ஜெயபாய் அந்தத் தேதியைப் பார்த்தாள். ஆடிப்பூரத்தன்று. நேரத்தைப் பார்த்தாள். 3.10 என்று எழுதியிருந்தது.

இங்கே கரண்ட் போனது 2.40. அரை மணி நேரம் முந்தி. அப்படியானால் இது வேறு, அது வேறு. சாகாத ஆள் வந்து பேசமாட்டான். அது கரண்ட் போனதால் வந்த ஏதோ பிரமை. இந்த மனிதர் செத்தது, பாவம், அங்கே ஏதோ...

அவள் விரல்கள் பதில் அடிக்க ஆரம்பித்திருந்தன. 'சென்சார் ஒயரிங்கை மறுபடி ஒரு முறை' என்பது வரைக்கும் அடித்திருந்தாள்.

அப்போது கடிதத்தின் தலையில் கண் பட்டது. ஒவ்வொரு மின்னஞ்சலின் தலையிலும் அனுப்பிய நேரம் இருக்கும், அனுப்பிய ஊரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட எவ்வளவு முன்னால் ஓடுகிறது என்பதும் இருக்கும். நம்முடையது ஐந்தரை மணி. இலங்கையும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். அங்கே இரண்டு வருடத்துக்கு முன்னால் கடிகாரத்தை மாற்றி வைத்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அதில் ஆறு மணி என்று இருந்தது.

அங்கே 3.10 என்றால் இங்கே 2.40.

அடித்ததை எழுத்து எழுத்தாக அழித்தாள். 'ஒயரிங் சரியாகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது. பங்குனியிலேயே எனக்குத் தெரியும். வெட்கப்பட்டு மறைத்தேன்' என்று எழுதினாள். இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று. பரிபூரணத்துக்குத் தமிழ்க் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள். லைப்ரரியின் முதல் பக்கத்திலும் அதையே போட்டாள், கீழே தன் பெயரோடு. அண்ணாச்சியிடம் சொன்னாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, "என்ன காரியம்ட்டி பண்ணிட்டு வந்து நிக்கே..." என்றார். தவசிமுத்துவிடமும் போய்ச் சொன்னாள். அவர் தன் கைகளைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இந்தத் தடவை கேட் வரைக்கும் வரவில்லை.

மற்ற மில் பேனல்களிலும் சிப்பை மாற்றியாயிற்று. பரிபூரணத்தை அந்த அறையிலேயே இருக்கவிட்டார்கள் என்று பிறகு செய்தி வந்தது.

இதோடு முடிந்தது என்று ஜெயபாயும் நினைத்தாள். பழைய பிரதியை எடுத்தவர்கள் யார் யார் என்று லைப்ரரியை நடத்துகிறவருக்கு எழுதிக் கேட்டாள், ஒவ்வொருவருக்கும் தானே எழுதலாம் என்று. அவர் அன்பான மனிதர். உடனே பதில் போட்டார். 'அதற்குக் கணக்கு ஏதும் கிடையாது. எடுத்தவர்களிடமிருந்து வேறு யாரோ எடுத்திருப்பார்கள். எங்கெங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. அதுதானே இதன் அழகு!'

தை மாதம். காலை பதினொரு மணி. அண்ணாச்சி பாங்க்குக்குப் போயிருந்தார். கீழே கிட்டங்கியில் ஆட்கள் துணிப் பொதி ஏற்றிக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெயபாய் ஒரு ஒயரை ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

கீழே பேச்சு நின்றது.

மேசையில் பிளக் இல்லாமல் கிடந்த பேனல் பச்சையாக எரிந்தது. திரையில் அவளுக்குப் புரியாத ஏதோ ஓர் இயந்திரம். அதன் வேகம் குறைந்துகொண்டிருந்தது.

பின்னால் மூச்சு.

இந்தத் தடவை பெண் குரல். வயது குறைவு. அவள் ஒருநாளும் கேட்டிராத மொழி. ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் என்ன சொல்கிறது என்று தெரிந்தது.

ஜெயபாய் தயங்கவில்லை. வாய்விட்டுச் சொன்னாள். "ஒயரிங் சரிதான். தப்பு ஒங்க மேல இல்ல. தப்பு என்னோடது."

குரல் கொஞ்சம் நிறுத்தியது.

பிறகு முதலிலிருந்து, அதே சொற்களை, அதே மாதிரி, மறுபடி கேட்டது.

அவள் இங்கிலீஷில் சொன்னாள்.

மறுபடி கேட்டது.

அவள் சொன்ன ஒரு சொல்கூட அந்தக் குரலுக்குப் புரியவில்லை.